பந்து வீசுவோன் ஊழியனல்ல!

கிரிக்கெட் ஆட்டத்தில் மட்டை பிடிப்பவன் எஜமான், பந்து வீசுபவன் அவனுக்கு ஊழியம் செய்பவன் என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. ஓட்டம் குவித்தவனுக்கு மாலையும் மேளமும். நாள் முழுவதும் வெயிலில் பந்து வீசித் தோள் ஓய்ந்தவனுக்கு ஒரு கைதட்டல்! இந்த அநீதியை விரல்களினாலும் நாவினாலும் எதிர்த்து நின்றவர் ஸ்ரீ ரவிச்சந்திரன் அஸ்வின். 2024 டிசம்பர் 18ந் தேதி பிரிஸ்பேன் நகரில் சர்வதேச ஆட்டத்திலிருந்து அவர் விலகினார். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல். பந்தயங்களுக்கும் விடை கொடுத்தார். அவர் நமக்கு விட்டுச் சென்றது என்ன?

திண்டுக்கல் வாசிகளுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோஷ்டியின் தலைவராக நின்று, 2024 ஆகஸ்ட் 4ந் தேதி சேப்பாக்கத்தில் கோவைக் கோஷ்டியை வென்று, இவ்வூர்ப் பெயருக்கு முதல் கோப்பையைத் தேடித் தந்தவர் அவரே. அன்றைய இறுதி ஆட்டத்தில் மட்டை பிடித்தும் 52 ஓட்டங்கள் எடுத்தார்.

பந்து வீசுவோனை ஊழியனாகக் கருதும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்குச் சரித்திரம் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமது இடது கைச் சுழற்பந்தால் புகழ் பெற்ற பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரத் துரைமார்கள் மட்டை பிடித்துப் பழகுவதற்காக, சொற்பச் சம்பளத்திற்கு மணிக்கணக்கில் அவர் பந்து வீசினார். 1911ல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்படியிருந்தும் ஹிந்துக் கோஷ்டியின் தலைமைப் பதவி அவருக்கு அளிக்கப்படவில்லை. உழைப்பு ஒருவனுடையது, கௌரவம் வேறொருவனுடையது என்ற பழைய கதை ஆட்டக்களத்திலும் நடந்தேறியது.

ஸ்ரீ அஸ்வின் பிறந்து வளர்ந்த நிலைமை வேறு. சென்னையில் மத்தியதரக் குடும்பத்தில் பிறந்து, எஞ்ஜினீயரிங் பட்டம் பெற்றவர். ஆனால் அவருடைய வித்தையில் ஒரு பகுதி தெருவில் கற்றது. நடுவிரலால் பந்தைச் சொடுக்கி எதிர்த்திசையில் திருப்பும் சொடக்குப் பந்தை, டென்னிஸ் பந்தில் ஆடும் தெருப் பிள்ளைகளிடம் கண்டு, அதை உலக அரங்கிற்குக் கொண்டு சென்றார். 2011 நவம்பரில் டில்லியில் ஆடிய முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே 9 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 106 டெஸ்ட் பந்தயங்களில் 537 விக்கெட்டுகள். மட்டையால் 3,503 ஓட்டங்கள், அவற்றுள் 6 சதங்கள். டெஸ்ட் விக்கெட்டுக் கணக்கில் ஸ்ரீ அனில் கும்ப்ளே ஒருவரே இந்தியர்களில் அவருக்கு மேலே இருக்கிறார்.

திண்டுக்கல் பூட்டின் பெருமையை நேயர்கள் அறிவார்கள். கைவேலையால் செய்த அந்தப் பூட்டின் திறமை கனத்தில் இல்லை. உள்ளே மறைந்திருக்கும் சூட்சுமத்தில் இருக்கிறது. ஸ்ரீ அஸ்வினின் பந்து வீச்சும் அத்தகையதே. எதிரி ஒரு சாவியைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் பூட்டையே மாற்றிவிடுவார். சொந்த நாட்டுத் தளங்கள் அவருக்கு உதவின என்று குறை கூறுவோர் உண்டு. 537ல் 383 விக்கெட்டுகள் இந்தியாவில் கிடைத்தவை என்பது மெய்தான். ஆனால் அதே தளங்களில் எத்தனையோ பேர் பந்து வீசினார்கள். 383 விக்கெட்டுகள் எடுத்தவர் அவர் ஒருவரே.

அவர் விக்கெட்டுகளைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார் என்பது நமது அபிப்பிராயம். பந்து கையை விட்டுப் புறப்படுமுன் எதிர்முனையில் நிற்பவன் கோட்டைத் தாண்டி ஓடினால், அவனை ஆட்டமிழக்கச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. 1947 டிசம்பரில், சுதந்திர இந்தியாவின் முதல் வெளிநாட்டுப் பயணத்தில், வினு மன்கட் ஆஸ்திரேலியரான பில் பிரவுனை இவ்வாறு வெளியேற்றினார். அவர் செய்தது நியாயமே என்று எதிர்க்கோஷ்டித் தலைவர் பிராட்மனே எழுதினார். ஆயினும் மன்கடின் பெயர் ஒரு வசைச்சொல்லாக்கப்பட்டது. முந்தி ஓடித் திருடுகிறவன் கனவான், பிடித்துக்கொடுப்பவன் குற்றவாளி! இது எந்த ஊர் நியாயம்?

2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் ஸ்ரீ அஸ்வின் இங்கிலீஷ்காரரான ஜாஸ் பட்லரை அதே விதமாக வெளியேற்றியபோது, உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சட்டம் அளித்த உரிமைக்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்ற நிலையிலேயே நின்றார். மூன்று வருஷத்திற்குள், சட்டத்தை இயற்றும் எம்.சி.சி. ஸ்தாபனமே வழிக்கு வந்தது. ஒழுங்கீனங்களைப் பற்றிய பகுதியில் இருந்த அவ்விதியை, 2022ல் சாதாரண ரன் அவுட் பகுதிக்கு மாற்றியது.

அவர் குற்றமற்றவர் என்று நாம் சாதிக்கவில்லை. நியாயம் கேட்டுப் பழகிய நாவு சில சமயம் வரம்பு கடக்கும். 2025ல் திண்டுக்கல் கோஷ்டிக்காக ஆடுகையில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து நடந்துகொண்டதற்காக அபராதம் விதிக்கப்பட்டார். அது விதித்தே தீரவேண்டிய அபராதம். ஆனால் அவருக்கு நேர்ந்த அவமதிப்புக்களையும் மறத்தலாகாது. 2023 ஜூனில், டெஸ்ட் பந்து வீச்சாளர்களின் வரிசையில் உலகில் முதலிடம் வகித்த அவரை, உலக டெஸ்ட் சாம்பியன் இறுதி ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்தார்கள். முதல்தர மட்டைக்காரன் எவனையாவது அவ்விதம் நடத்தத் துணிவார்களா?

இனித் திண்டுக்கல் செய்ய வேண்டியது யாது? நத்தத்திலுள்ள கல்லூரி மைதானத்தில் பெரிய பந்தயங்கள் நடக்கின்றன. 2025ன் இறுதி ஆட்டமும் அங்கேதான் நடந்தது. அதில் சொந்தக் கோஷ்டி திருப்பூரிடம் தோற்றது. வெற்றியும் தோல்வியும் வரும், போகும். நாம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நமது தெருக்களில் மட்டைக்குச் சொந்தக்காரப் பிள்ளை முதலில் ஆடுகிறான். மட்டை வாங்க வகையில்லாத பிள்ளை மாலை முழுவதும் அவனுக்குப் பந்து வீசுகிறான். அப்பிள்ளையின் கையில் உள்ள வித்தையை யார் கவனிக்கிறார்கள்? பள்ளிக்கூடங்களும் நகரசபையும் சங்கங்களும் அவனுக்கு ஒரு மைதானமும் ஓர் ஆசிரியரும் அளிக்கட்டும். நீ யாருக்கும் ஊழியன் அல்ல என்று அவனிடம் சொல்லட்டும். ஸ்ரீ அஸ்வினுக்கு இவ்வூர் செலுத்தக்கூடிய மெய்யான மரியாதை அதுவே.