ஆவி மறையும்போது பல் ஏன் தெரிகிறது?

கதையில் தாத்தாவின் ஆவி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மெல்லக் கரைந்து மறைய வேண்டும். இரண்டு விநாடிக் காட்சிதான். ஒபாசிட்டி என்கிற அளவை நூறிலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால், ஆவி எக்ஸ்ரே படமாக நிற்கிறது. உதட்டுக்குப் பின்னால் பல்வரிசை, இமைக்குள்ளே முழு உருண்டையாகக் கண், சட்டைக்குள் உடம்பு. அனிமேஷன் பழகுபவர்களில் இதைப் பார்த்துத் திடுக்கிடாதவர்கள் குறைவு.

மென்பொருள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. நமக்குத் தாத்தா ஓர் ஆள்; கணினிக்கு அவர் உதிரிப் பாகங்களின் குவியல். பாதி மங்கு என்றால் ஒவ்வொரு பாகமும் தன் பங்குக்குப் பாதி மங்குகிறது. மார்புக்குக் குறுக்கே கை இருக்கிறதா? கை பின்னணியில் பாதியை மறைக்கும். அது விட்டுவைத்ததில் பாதியை மார்பு மறைக்கும். அந்த இடத்தில் மறைப்பு 75 சதவீதம், கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் 50. கண்ணுக்குத் திட்டுத் திட்டாகத் தெரிவது இந்தக் கணக்குதான்.

இந்தக் கணக்கில் வரும் மறைப்பு அளவின் பெயர் ஆல்ஃபா. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு எவ்வளவு மறைக்கிறது என்பதற்கு நான்காவதாக ஓர் எண் வேண்டும் என்று 1977இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் செய்து காட்டினார்கள். இரண்டு படங்களைக் கலக்கும் சூத்திரத்தில் இருந்த கிரேக்க எழுத்தே பெயராக ஒட்டிக்கொண்டது. 1984இல் லூகாஸ்ஃபிலிமின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைப்பதற்கான விதிகளை முறையாக வகுத்தார்கள்.

ஆவிக்கு வைத்தியம் எளிது. தாத்தாவை முழு அழுத்தத்தில், பின்னணியில்லாமல் தனிப் படமாக ரெண்டர் செய்துகொண்டு, பிறகு அந்தப் படத்தை மங்கவைக்க வேண்டும். பல் ஏற்கெனவே உதட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டது. இனி எட்டிப் பார்க்காது. கையால் வரைந்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஆவியோடு ஒருமுறை குறைந்த ஒளியில் படம்பிடித்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, ஆவியில்லாமல் மறுமுறை பிடிப்பார்கள். பெயின்ட் பூசிய செல்லுலாய்டு தாளில் உள்ளே பல் ஏது?

ஒரு காட்சி மங்க அடுத்தது எழும் இடத்திலும் இதே 75 வந்து நிற்கும். இரண்டும் பாதியாக இருக்கும் கணத்தில் பின்னாலுள்ள கறுப்பு கால்வாசி கசிந்து திரை ஒரு நொடி இருண்டு மீளும். கீழே உள்ளதை நூறிலேயே விட்டு, மேலே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும்.

எனக்குப் பிடித்த கோளாறு வேறு: மின்மினியின் ஒளிவால். ஒவ்வொரு ஃபிரேமிலும் பழைய ஒளியை 0.95ஆல் பெருக்கினால் வால் தானே தேய்ந்து அழிய வேண்டும். அழியாது. சாதாரணப் படத்தில் ஒளியின் அளவு 0 முதல் 255 வரையிலான முழு எண். தேய்ந்து தேய்ந்து 10க்கு வந்ததும் பெருக்கினால் 9.5, கணினி அதை முழுதாக்கி மறுபடி 10 என்று எழுதிவிடும். அங்கேயே நிற்கும், எத்தனை ஆயிரம் ஃபிரேம் ஓடினாலும். இருட்டுத் திரையில் துடைக்காத சிலேட்டு மாதிரி சாம்பல் இழுப்பு. தசமத்தோடு சேமிக்கும் வடிவத்துக்கு மாற வேண்டும்; அல்லது ஃபிரேமுக்கு ஒன்றாவது கழித்துக்கொண்டே வர வேண்டும்.

எல்லாம் சரிசெய்து தாத்தா அழகாக மறைந்தபின் தரையையும் பாருங்கள். பல மென்பொருள்களில் நிழலுக்குத் தனிக் கணக்கு. ஒபாசிட்டி பூஜ்ஜியமானது அதற்குத் தெரியாது. ஆள் போன பிறகும் நிழல் மட்டும் நின்றுகொண்டிருக்கும். உயிரோடிருந்த தாத்தாவுக்குக்கூட அவ்வளவு அழுத்தமான நிழல் விழுந்திருக்காது. அதைத் தனியாகத்தான் அணைக்க வேண்டும்.