மாதேஸ்வரன் மலையில் காற்று குறைவா?

சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போகிறவர்களில் மேட்டூர், கொளத்தூர், அந்தியூர் பக்கத்து ஆட்கள் ஏராளம். ஏற்றம் கடுமையாகும் இடத்தில் யாராவது ஒருவர் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். "மேல போகப் போகக் காத்து கம்மியாயிடும்ல, அதான்" என்று கூட வந்தவர் சமாதானம் சொல்வார். லடாக்கில் மாரத்தான் ஓடப் போகிறவருக்கு இந்தச் சமாதானம் சரி. மாதேஸ்வரன் மலையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தால், வேறு ஏதோ கோளாறைக் கவனிக்காமல் விடுகிறோம் என்று பொருள்.

3000 அடியில் என்ன குறைகிறது?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் மலையுச்சியிலும் 21 சதவீதம்தான். உயரம் கூடக் கூடக் குறைவது காற்றின் அழுத்தம். அது குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறையும். சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் இந்த மலையில் கோயில் இருப்பது சுமார் 3000 அடி உயரத்தில். கடல் மட்டத்து அழுத்தத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் அங்கே உண்டு. பெங்களூரும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அங்கே போய் இறங்கியதும் மூச்சு திணறியது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்படியானால் மூச்சு ஏன் வாங்குகிறது? மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. அங்கிருந்து கோயில்வரை உடம்பின் எடை முழுவதையும் 2000 அடிக்கு மேல் தூக்கிப் போகிறோம். வருடம் முழுக்க வண்டியில் போய்வந்த கால்களுக்கு ஒரே நாளில் இந்த வேலை. கூடவே மாசி வெயில், தூக்கமில்லாத இரவு, விரதம்.

ஊட்டி உயரத்தில் ஓர் ஒலிம்பிக்

காற்று உண்மையிலேயே குறைந்த இடத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பதை உலகம் கண்ணால் பார்த்தது 1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில். அந்த நகரம் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டி அளவு. முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் 2 மணி 12 நிமிடத்தில் முடிந்த மாரத்தானை, மெக்சிகோவில் வென்ற எத்தியோப்பியர் மாமோ வோல்டே முடிக்க 2 மணி 20 நிமிடம் ஆனது. கடல் மட்டத்தில் சாதனை மேல் சாதனை படைத்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க், 10,000 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் சுருண்டு விழுந்தார். அந்தப் போட்டியில் தங்கம் வாங்கியவர் கென்ய மேட்டு நிலத்தில் வளர்ந்த நஃப்தாலி டெமு. வேடிக்கை என்னவென்றால், அதே காற்றில்தான் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டி உலகை வாயடைக்க வைத்தார். நொடியில் முடியும் தாண்டலுக்கு ஆக்சிஜன் பெரிதாகத் தேவையில்லை. அடர்த்தி குறைந்த காற்றில் தடையும் குறைவு.

இந்தியாவில் இதைவிடக் கடினமான களம் லே. சுமார் 3500 மீட்டர் உயரத்தில் 2012 முதல் லடாக் மாரத்தான் நடக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சென்னையில் நான்கு மணி நேரத்தில் முடிப்பவர் லேயிலும் அதே வேகத்தில் கிளம்பினால் பாதி வழியில் நின்றுவிடுவார். பல நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். முதல் இரண்டு நாள் ஓட்டமே கூடாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைப்பு, இருமல், நடை தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்றால் காலைவரை காத்திருக்காமல் உடனே ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்க வேண்டும்.

ரத்தத்துக்குள் இருக்கும் மலை

லேயில் இறங்கும் ஆரோக்கியமான ஒருவருக்கு, ஓய்வில் இருக்கும்போது, விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97, 98க்குப் பதிலாக 90ஐ ஒட்டிக் காட்டும். அதாவது ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 8 ஆக இருக்கும் பெண்ணுக்கோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவர் லேக்குப் போகவே வேண்டாம், மேட்டூரிலேயே இந்த நிலைதான். ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்தால் 98 என்று காட்டும், ஏனென்றால் இருக்கிற ஹீமோகுளோபின் நிறைந்திருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும், எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். மெல்ல மெல்லக் குறைவதால் உடம்பு பழகிவிடும். "வீட்டு வேலை, அசதி" என்று நாள் ஓடும். ஏற்றம் வந்தால்தான் அது வெளியே தெரியும்.

ஆகவே பாதயாத்திரைக்கு ஒரு மாதம் முன்பே ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் ஒரு வாரத்தில் ஏறிவிடாது. இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும்.

வழியில்

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். சர்க்கரைக்குக் கிளைமெப்ரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் விரத நடை நடப்பதற்கு முன் மருத்துவரிடம் அளவைக் கேட்டாக வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை வாயில் போடுங்கள். விரதம் கெட்டால் கெடட்டும். தாகத்துக்கு ஏற்ப உப்புப் போட்ட மோர், ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் அடங்காத மூச்சிரைப்பு இருந்தால் 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாக மட்டும் மாரடைப்பு வரக்கூடும். காட்டுப் பாதையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது, அதனால் தனியாக நடக்காதீர்கள்.

இறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது இயல்பு. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.