ரப்பர் தவளைக்கு ஏமாறுமா விரால்? - அரியலூர், பெரம்பலூர் ஏரிகளில் லூர் தூண்டில்!

மண்புழுவைக் கோத்த மூங்கில் தூண்டிலைப் போட்டுவிட்டு, தக்கை எப்போது அமுங்கும் என்று ஏரிக்கரையில் காத்துக் கிடப்பது ஒரு ரகம். இப்போது இன்னொரு ரகமும் சேர்ந்திருக்கிறது. கையில் ரீல் மாட்டிய ராடு, தோள்பையில் கலர் கலராக ரப்பர் தவளைகள். 'விரால் வேட்டை' என்று யூடியூபில் தட்டினால் வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் மீன் பாய்ந்து கவ்வும் அந்த ஒரு நொடி இருக்கும். முன்பின் பார்த்திராத ஏரியில் அந்த மீன் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் இருக்காது.

அமெரிக்காவில் 'பாஸ்' மீனை வைத்து இதே கேள்வியைக் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் ஏரியில் பாஸ் கிடையாது. அதன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நம்ம விரால்தான். செடி, கொடி, நிழல் பார்த்துப் பதுங்கி, இரை பக்கத்தில் வந்ததும் பாய்வது இரண்டுக்கும் பொதுவான குணம். ஆனால், பாஸ் செய்யாத ஒன்றை விரால் செய்யும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்தாக வேண்டும். தேடிப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய துப்பு கிடைக்காது.

வருஷா வருஷம் புது ஏரி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பல ஏரிகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம், அதாவது கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்துப் பொன்னேரிகூட மழையை நம்பித்தான் இருக்கிறது. தண்ணீர் வற்றினாலும் சேற்றுக்குள் புதைந்து, ஈரம் இருக்கும்வரை காற்றைச் சுவாசித்தே விரால் உயிர் பிழைத்திருக்கும். மழை பெய்தால் ஈரத்தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்குக்கூடப் போய்விடும். ஆக, போன வருடம் மீன் கிடைத்த மூலை இந்த வருடம் காலியாக இருக்கலாம். உள்ளூர்க்காரருக்கும் அது ஒரு வகையில் புது ஏரிதான்.

அதனால் போனவுடன் வீசக் கூடாது. கால் மணி நேரம் கரையில் சத்தமில்லாமல் நின்று பார்ப்பது நல்லது. விடிந்த கையோடும், பொழுது சாய்கிற நேரத்திலும் போனால் வாய்ப்பு அதிகம். தாமரை இலைக்கு நடுவே 'களக்' என்று ஒரு சத்தம், கூடவே ஒரு நீர் வளையம் வந்தால், அங்கே விரால் மூச்சு வாங்குகிறது. மதகு ஓரம், வாய்க்கால் வந்து சேரும் இடம், நீரில் மூழ்கிய கருவேல மரத்தடி, கோரை முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு ஆகியவை அது பதுங்கும் இடங்கள். நட்ட நடு ஏரியில் வீசிக் கையை வலிக்க வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

எந்த இடத்துக்கு எந்த லூர்?

இலையும் பாசியும் மூடிய தண்ணீர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரப்பர் தவளைதான். அதன் உடம்பு உள்ளே கூடு. இரண்டு முள்களும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. மீன் கவ்வி அழுத்தும்போதுதான் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். இலைமேல் போட்டு, மெதுவாக இழுத்து, இலை முடிகிற இடத்தில் தண்ணீருக்குள் தொப்பென்று விழவிட்டு ஒரு நொடி நிறுத்த வேண்டும். பல நேரம் அடி விழுவது அந்த நிறுத்தத்தில்தான். விழுந்ததும் பதறி இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். மீன் அதை வாய்க்குள் வாங்கித் திரும்பட்டும், பிறகு வெட்டி இழுக்கலாம்.

திறந்த தண்ணீர் என்றால் தேடுவதற்கு ஸ்பின்னர் அல்லது ஸ்பூன். தகடு சுழலும்போது வரும் அதிர்வை மீன் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் உணரும். ஒரே இடத்தில் நின்று, விசிறி விரிப்பதுபோல இடமிருந்து வலமாக வீசிப் பார்த்து, பதில் இல்லையென்றால் நடந்துவிட வேண்டும். மழைக்குப் பிறகு கரிசல் மண் கரைந்து தண்ணீர் கலங்கியிருந்தால் மீனுக்குக் கண் உதவாது. அப்போது அதிர்வும் சத்தமும் தருகிற லூர் தேவை. கறுப்பு நிறம் கொஞ்சம் நன்றாகத் தெரியும். தெளிந்த தண்ணீரில் சின்ன அளவு, இயற்கையான நிறம். பின்னாலேயே வந்து கவ்வாமல் திரும்பினால் இடத்தை மாற்ற வேண்டாம்; வேகத்தைக் குறைத்தோ, சிறிய லூர் போட்டோ பார்க்கலாம். நிறத்துக்காகவே நாற்பது தவளை வாங்குவது வீண் செலவு. அவற்றில் பாதி மீனைவிட மனுஷனை மயக்கத்தான் செய்கிறார்கள்!

இந்த ஏமாற்று வேலை நேற்று வந்ததல்ல. ஸ்பூன் லூருக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ஜூலியோ பியூயல் 1852-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். மிச்சிகனில் ஜேம்ஸ் ஹெட்டன் 1890-களில் மரத்தில் தவளை செதுக்கியதிலிருந்து ஒரு பெரிய லூர் கம்பெனியே பிறந்தது. நம் பக்கம் சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ்.தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-ல் தனிப் புத்தகம் எழுதினார்.

சிவப்புக் குஞ்சுகள் தெரிந்தால்...

மழைக்காலத்தில் தண்ணீர்ப் பரப்பில் ஓர் இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோலச் சலசலக்கும். உற்றுப் பார்த்தால் ஆரஞ்சு சிவப்பில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், மூச்சுக்காக மேலே வந்து போகும். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அங்கே தவளையை வீசினால் நிச்சயம் அடிக்கும். பசியில் அல்ல, குஞ்சுகளுக்கு ஆபத்து என்ற கோபத்தில். புது ஏரியில் மீன் இருக்கும் இடத்தை இதைவிடச் சுலபமாகக் காட்டும் அடையாளம் இல்லை. வீடியோவுக்கும் அருமையான காட்சி.

அந்த மீன் சட்டிக்குப் போனால், காவலில்லாத குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் மற்ற விரால்களுமே தின்று தீர்க்கும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறை போகிறது. மழைநீரில் சில மாதம் மட்டும் உயிர்க்கிற ஏரிக்கு இது சின்ன இழப்பு இல்லை. தெரியாமல் மாட்டிவிட்டால், அதே இடத்தில் உடனே விட்டால் குஞ்சுகளிடம் திரும்ப வாய்ப்புண்டு. முள் நுனியின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரைக் குறடால் முன்பே நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது எளிது.

கிளம்பும் முன் இன்னும் சில விஷயங்கள். ஏரி மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும்; எடுத்தவரிடம் கேட்காமல் வீசினால் வம்பு. கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம், அங்கே பைனாகுலரோடு போகலாம், தூண்டிலோடு வேண்டாம். கொள்ளிடத்தில், குறிப்பாக அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு. லூர் சிக்கிக்கொண்டது என்று இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கக் கூடாது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் பார்க்க நீலமாக அழகாக இருக்கும். கரை செங்குத்து, காலை வைத்தால் ஆழம். அறுந்த நரம்பைக் கரையிலேயே போட்டுவிட்டு வராமல் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொக்கின் காலில் அது சுற்றிக்கொண்டால் கழற்றிவிட ஆள் கிடையாது.