போங்கு என்று கத்தினால் தடை வருமா?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடிய எவருக்கும் கைலைத் தெரிந்திருக்கும். செங்கல் வடிவத்தில் தலைமுடி வெட்டிய அமெரிக்க ராணுவக்காரர். 1991-ல் அந்த கேம் வந்ததுமே அவரை வைத்து ஆடியவர்கள் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஜாய்ஸ்டிக்கைக் கீழும் பின்னுமாகச் சாய்த்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டியதுதான். அந்த ஒரே நிலையில் வருகிற அடியும் தடுக்கப்படும், கைலின் இரண்டு சிறப்பு அடிகளும் தயாராகிவிடும். எதிராளி தூரத்தில் நின்றால் சோனிக் பூம் பறக்கும். அதைத் தாண்டிக் குதித்தால் ஃப்ளாஷ் கிக் வாங்கிக் கீழே விழுவார். ஜப்பானிய ஆர்கேடுகளில் இப்படிக் காத்திருக்கும் கைலுக்குத் தனிப்பெயரே உண்டு. அது பாராட்டுப் பெயர் கிடையாது.

இன்னொரு பெரும் புகார் எறிதலைப் பற்றியது. பக்கத்தில் வந்து பிடித்துத் தூக்கிப் போட்டால் தடுக்க முடியாது. ‘இது போங்கு’ என்று சண்டை மூண்டது. எறியக் கூடாது என்று தங்களுக்குள் சட்டம் போட்டுக்கொண்ட கூட்டங்கள் அமெரிக்காவிலும் இருந்தன, ஜப்பானிலும் இருந்தன.

இந்த இரண்டு புகாரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். எறிதல் எதற்காக வைக்கப்பட்டது? எந்நேரமும் தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை அசைக்கத்தான். எறியக் கூடாது என்று சொல்லிவிட்டால் குந்தியிருக்கும் கைலை மூலையிலிருந்து கிளப்ப இருந்த ஒரு நல்ல வழி போய்விடும். போங்கு என்று ஒன்றை நீக்கினால் அது அடக்கி வைத்திருந்த இன்னொன்று தலைதூக்கும். சண்டை கேம்களில் தடை பற்றிய பேச்சு முப்பது வருடத்துக்கு மேலாக ஓயாததற்கு இது முக்கியமான காரணம்.

ஒரு அடி வலுவாக இருப்பதும் அதற்குப் பதிலே இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. கைலை அவசரப்பட்டுக் குதிக்காமல், தடுத்துத் தடுத்து அடி அடியாக நடந்து போய் நெருங்கலாம். நீண்ட கைகால் கொண்ட நம் யோகி தல்சிமை எடுத்தால் தூரத்திலிருந்தே அவரைத் தொடலாம். கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது. தோற்ற அன்றைக்கே அது தெரிந்துவிடாது என்பதுதான் சிக்கல்.

பதிலே இல்லாததற்கு எல்லோரும் சுட்டும் உதாரணம் அகூமா. 1994-ல் காப்காம் வெளியிட்ட சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் இவர் ஒளிந்திருக்கும் பாத்திரம், ரகசியக் குறியீட்டை உள்ளிட்டால்தான் கிடைப்பார். மற்றவர்கள் தரையில் நின்று எறியும் நெருப்புப் பந்தை இவர் அந்தரத்திலிருந்து சாய்வாக எறிவார். அந்தக் கோணத்தில் வரும் பந்தைச் சமாளிக்க மற்றப் பாத்திரங்களுக்கு எந்தக் கருவியும் தரப்படவில்லை. ஒன்றைத் தடுத்து முடிப்பதற்குள் அடுத்தது தலைக்கு மேல் நிற்கும். பெரும்பாலான பாத்திரங்கள் அகூமாவிடம் சிரமப்பட்டன என்று சொல்வதுகூடத் தவறு. திறமை சமமாக இருந்தால் அவற்றுக்கு வெற்றி என்பதே கிடையாது. அகூமாவை அனுமதித்தால் போட்டிக்கு வருகிற எல்லோரும் அகூமாவைத்தான் எடுத்தாக வேண்டும். அதனால் அமெரிக்காவில் விதி போட்டே விலக்கினார்கள். ஜப்பானில் விதி இல்லாமலே முன்னணி ஆட்டக்காரர்கள் எவரும் தொடவில்லை.

அந்த விளையாட்டின் போட்டி ஆட்டக்காரரும் பிறகு கேம் வடிவமைப்பாளருமான டேவிட் சர்லின் ‘ப்ளேயிங் டு வின்’ என்ற நூலில் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். தடையை நடைமுறைப்படுத்த முடிய வேண்டும், தடை செய்யப்படுவது எது என்று கோடு கிழித்ததுபோல் தெளிவாக இருக்க வேண்டும், தடைக்கு உண்மையான தேவை இருக்க வேண்டும். மூன்றாவதில் அவர் மிகவும் கறாரானவர். எரிச்சலூட்டுகிறது, அலுப்பாக இருக்கிறது, அழகாக இல்லை என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் ஆட முடியாத நிலை வந்தால் மட்டுமே தடை. வெறுமனே வலுவானதைக் கண்டு புலம்புகிறவர் தானே கற்பித்துக்கொண்ட விதிகளால் தன் கையைக் கட்டிக்கொள்கிறார் என்பது அவர் வாதம். (இதே சர்லின் 2008-ல் அந்த கேமின் ஹெச்டி ரீமிக்ஸ் பதிப்பைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றபோது அகூமாவையும் போட்டிக்கு ஏற்றவராக்க முயன்றார். ஆட்டக்காரர்கள் ஆடிப் பார்த்துவிட்டுப் பெரும்பாலான போட்டிகளில் மறுபடியும் விலக்கினார்கள். ஒரு பாத்திரம் எவ்வளவு வலுவானது என்பது செய்தவருக்கே முன்கூட்டித் தெரிவதில்லை.)

அதே டர்போவில் பழைய சாகட் என்றொரு பதிப்பும் உண்டு. இவருடைய டைகர் ஷாட் வேகத்தில் பல பாத்திரங்கள் திணறும். ஜப்பானில் பெரிய ஆட்டக்காரர்கள் பலர், யாரும் சொல்லாமலே, அவரைத் தொடாமல் ஒதுங்கினார்கள். அமெரிக்கர்கள் தாராளமாக எடுத்தார்கள். அப்படி எடுத்தும் அங்கே அவர் போட்டிகளை விழுங்கிவிடவில்லை. அகூமாவைத் தடுத்ததில் ஒரு தர்க்கம் இருந்தது. சாகட்டைத் தொடாமல் விட்டது நாகரிகம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

‘கோடு கிழித்ததுபோல் தெளிவு’ என்பதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும், விதி எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். 1932-33-ல் ஜார்டீனின் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவில் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசியது. அதன்பின் முதலில் வந்த விதி, மட்டையாளரை நேராகத் தாக்கும் பந்துவீச்சை அம்பயர் தடுக்கலாம் என்றது. எது தாக்குதல், எது வெறும் வேகம் என்பதை அம்பயர்தான் ஊகிக்க வேண்டும். 1957-ல் வந்த மாற்றம் மனசுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. லெக் பக்கம் பின்புறத்தில் இரண்டு ஃபீல்டர்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்றது. அங்கே நிற்கிற ஆட்களை எவரும் எண்ணலாம்.

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராலில் இதே பாடம் வேறு உருவத்தில் வந்தது. 2008-ல் வந்த இந்த கேமில் மேடை விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறவரை அடிப்பது கடினம். மெட்டா நைட் என்ற பாத்திரம் அந்தரத்தில் பலமுறை குதிக்கும், சறுக்கிப் பறக்கும். முன்னிலை கிடைத்ததும் விளிம்பை விடுவது, பிடிப்பது, மறுபடி விடுவது என்று நேரம் முடியும்வரை இழுத்தடிப்பார்கள். ‘நேரத்தை வீணடிக்கக் கூடாது’ என்று விதி எழுதினால் நடுவர் ஒவ்வொரு தடவையும் உள்நோக்கம் தேட வேண்டியிருக்கும். அதனால் விளிம்பைப் பிடித்த எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரத் திரையில் அந்த எண் தானாகவே வரும். நேரம் முடிந்த ஆட்டத்தில் வரம்பைத் தாண்டியவர் தோற்றவர். வரம்பு எத்தனை என்பது போட்டிக்குப் போட்டி மாறியது, ஆனால் முறை நேர்மையானது.

அதோடு சிக்கல் தீரவில்லை. விளிம்பு விளையாட்டை அடக்கியும் மெட்டா நைட்டின் கை ஓங்கியே இருந்தது. 2011-ன் இறுதியில் யூனிட்டி ரூல்செட் கமிட்டி என்ற அமைப்பாளர் குழு அடுத்த ஆண்டிலிருந்து அவரை முழுவதுமாகத் தடை செய்வதாக அறிவித்தது. 2012 தொடக்கத்தில் நடந்த பெரிய போட்டியான ஏபெக்ஸ் அவரை அனுமதித்தது. ஆண்டு முடிவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. தடையின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், எல்லோரும் மதிக்காத தடையால் ஆட்டக்காரருக்குத்தான் நஷ்டம். ஓர் ஊரில் பழகியது அடுத்த ஊரில் செல்லாது.

நேர் எதிரான கதையும் உண்டு. 2000-ல் வந்த மார்வெல் வெர்சஸ் காப்காம் 2-ல் 56 பாத்திரங்கள். பெரிய போட்டிகளின் கடைசிச் சுற்றுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தவை மாக்னெட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்ற நாலு முகங்களும் இன்னும் சிலவும்தான். ஒருமுறை சிக்கினால் உயிர் போகும்வரை விடாத அடித்தொடர்கள் ஏராளம். பட்டியல் போட்டுப் பார்த்தால் இதைவிடச் சமனில்லாத கேம் அரிது. யாரையும் தடை செய்யவில்லை. அந்தச் சிலவற்றுக்குள் ஒன்றுக்கொன்று பதில் இருந்ததால் ஆட்டம் வருடக்கணக்கில் ஆழமாகிக்கொண்டே போனது, 2010 வரை ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் நீடித்தது. எல்லாமே ஓபி (அளவுக்கு மீறிய பலம்) என்றால் எதுவுமே ஓபி இல்லை என்று ரசிகர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதில் விஷயம் இருக்கிறது. மற்றவர்களில் ஒருவரைப் பிடித்துப்போனவருக்கு இது ஆறுதலாக இருக்காது என்பதும் உண்மை.

இத்தனை அளவுகோலும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. 2001-ல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயில் ஐஸ் க்ளைம்பர்ஸ் இருவர் ஜோடியாக ஆடுவார்கள். ஒருவரை நாம் இயக்குவோம், மற்றவர் நூலிழை தாமதத்தில் அப்படியே செய்வார். முதலாமவர் எதிராளியைப் பிடித்துக்கொள்ள, இரண்டாமவர் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தால் பிடியிலிருந்து விடுபடவே முடியாது. அடிபட்ட அளவு ஏறிக்கொண்டே போகும், கடைசியில் ஓர் உயிர் போகும். அகப்பட்டவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம். வாபிளிங் என்று இதற்குப் பெயர், இதைப் பிரபலப்படுத்திய வாபிள்ஸ் என்ற ஆட்டக்காரரின் பெயரால் வந்தது. அவர் ஈவோ 2013-ல் இறுதிவரை வந்து மேங்கோவிடம் தோற்று இரண்டாம் இடம் பிடித்தார்.

சர்லின் கணக்குப்படி இதற்குத் தடை கூடாது. பதில் இருக்கிறது: பிடியில் சிக்காதே, இருவரையும் பிரி, துணையை முதலில் விரட்டு. ஐஸ் க்ளைம்பர்ஸ் மெலீயை ஒருநாளும் ஆண்டதில்லை. அப்படியிருந்தும் 2019 வாக்கில் பெரிய போட்டிகள் பல அதைத் தடை செய்தன. காரணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அடி வாங்குகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் அது சகிக்கவில்லை. இருவர் மோதுகிற ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும் நீண்ட நேரம் வேலையே இல்லை.

எனக்கு அந்தத் தடை தவறாகப் படவில்லை. ஆள் காசு கட்டி, பயணம் செய்து, உட்கார்ந்து பார்க்க வருகிற நிகழ்ச்சி அது. அமைப்பாளர்களுக்கு அதைக் காப்பாற்றும் கடமை உண்டு. ஆனால் காரணத்தை மாற்றிச் சொல்லக் கூடாது. ‘ஜெயிக்கவே முடியாதது’ என்று சொல்லித் தடுப்பது பொய். ‘எங்களில் பெரும்பாலானோருக்கு இது பிடிக்கவில்லை’ என்று சொல்லித் தடுப்பது நேர்மை. அந்த நேர்மைக்கு ஒரு விலையும் உண்டு. பல வருடம் அந்த ஒன்றைப் பழகி வந்தவரின் உழைப்பு கைதூக்கி ஓட்டெடுத்ததில் போகிறது, நாளை யாருக்கு எது பிடிக்காமல் போகும் என்ற கேள்வியும் எழுகிறது.

இப்போது வருகிற கேம்களில் இந்த விவாதம் முற்றுவதற்குள் கம்பெனி முந்திக்கொள்கிறது. 2019 டிசம்பரில் டெக்கன் 7-ல் லீராய் ஸ்மித் என்ற புதிய பாத்திரம் தனி விலைக்கு வந்தார். அடுத்த மாதம் ஈவோ ஜப்பானில் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் கையில் லீராய். தாய்லாந்தின் புக் அவரை வைத்தே பட்டம் வென்றார். காசு கொடுத்து வாங்கிய பாத்திரத்தைத் தடுப்பது அமைப்பாளருக்கும் சங்கடம், தயாரிப்பாளருக்கும் சங்கடம். பண்டாய் நாம்கோ ஒரு பேட்ச் அனுப்பி லீராயின் பலத்தைக் குறைத்தது, சத்தம் அடங்கியது. வசதிதான். லீராய்க்கு ஆட்டக்காரர்களே பதில் கண்டுபிடித்திருப்பார்களா என்பது மட்டும் இனி தெரியப்போவதில்லை. பேட்ச் வரவே வராத மெலீயில் விதியை இன்னமும் ஆடுகிறவர்களும் அமைப்பாளர்களும்தான் கூடி உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது, திட்டும் அவர்களுக்குத்தான்.