முள்ளை எங்கே நிறுத்துவது?

ஏர்பேட்டிலிருந்து காளஹஸ்தி சிவராத்திரிக்கு மைக் செட் கட்டப் போகிறீர்கள், பழைய ஆம்பில் ஒரு வி.யூ. மீட்டரைப் பொருத்த ஆசை என்று வைத்துக்கொள்வோம். முள் ஆடுவது பார்க்க அழகுதான். அது சரியாக ஆடுகிறதா என்பது முன்னால் போடும் ரெசிஸ்டரைப் பொறுத்தது. டீ வரட்டும், சொல்கிறேன்.

மீட்டரில் 0 என்றால் சத்தமே இல்லை என்பதல்ல. ‘இதுதான் அளவு, இதைத் தாண்டினால் கவனி’ என்று நாம் போடும் கோடு. 1939இல் அமெரிக்காவின் சி.பி.எஸ்., என்.பி.சி. வானொலிகளும் பெல் ஆய்வகமும் சேர்ந்து அந்தக் கோட்டை 1.228 வோல்ட்டில் வைத்தன. அதுவும் வெறும் மீட்டருக்கு அல்ல. வெளியே 3,600 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்ட பிறகு.

கடையில் கிடைக்கும் மலிவு மீட்டருக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. பலவற்றில் 500 மைக்ரோ ஆம்பியர் போனாலே முள் கடைசிக்கு ஓடிவிடும். காயிலின் மின்தடை 650 ஓம் போல இருக்கும்.

இனி கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 வாட் போனால் முனையில் 8.9 வோல்ட். நான்கு ஜெர்மேனியம் டயோடு போட்ட பிரிட்ஜுக்குப் பின் முள் காண்பது சராசரியை, அதாவது 8 வோல்ட்டை. டயோடுகள் அரை வோல்ட்டைத் தின்றுவிடும், மீதி 7.5. முழு ஓட்டத்தில் 70 சதவீதத்தில் 0 இருந்தால் அங்கே 350 மைக்ரோ ஆம்பியர் வேண்டும். வகுத்தால் 21,400 ஓம். காயிலைக் கழித்தால் 20,700 சொச்சம். 10 கே ரெசிஸ்டரும் அதோடு தொடரில் 22 கே ப்ரீசெட்டும் போதும். ப்ரீசெட்டை மட்டும் போட்டால், திருப்புகிற வேகத்தில் அது பூஜ்ஜியத்துக்குப் போய் முள் வளைந்துவிடும். 100 வோல்ட் லைன் முனைக்கு இந்தக் கணக்கு ஆகாது, அங்கே மாட்டிவிடாதீர்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 8 ஓம், 20 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டரை மாட்டுங்கள். காது தப்பிக்கும், ரெசிஸ்டர்தான் கொதிக்கும், தொடாதீர்கள். செல்போனில் 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். பலர் 1,000 வைப்பார்கள். மலிவு மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சை அந்த இடத்தில் நம்ப முடியாது. 8.9 வோல்ட் காட்டும்வரை வால்யூமை ஏற்றி, ப்ரீசெட்டைத் திருப்பி முள்ளை 0இல் நிறுத்துங்கள்.

வோல்ட்டைப் பாதியாக்கினால் முள் மைனஸ் 6க்குச் சற்றுக் கீழே நிற்கும். இன்னும் இறக்கினால் டயோடு தின்னும் பங்கு பெரிதாகி, மைனஸ் 20 பக்கம் முள் நகரவே யோசிக்கும். ரெக்கார்டிங்குக்கு இது போதாது, மைக் செட்டுக்குத் தாராளம்.

ஆம்ப் 40 வாட் தருமே, 10 வாட்டில் ஏன் 0 என்பீர்கள். வி.யூ. முள் ஏறி நிற்க 300 மில்லி செகண்ட் ஆகும். தவிலில் விழும் ஒரு அடி அதற்குள் வந்து போய்விடும், முள்ளுக்குத் தெரியாது, ஆம்புக்குத் தெரியும்.