டம்ளரும் தாளமும் பேச்சும்

பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலர், 'ஆம்', 'இல்லை' எனச் சொல்லவும் இயலாத நிலையில், பழகிய பாட்டொன்றைச் சொல் தவறாமல் பாடுவதுண்டு. அதைக் கேட்ட குடும்பத்தார், "பேச மனமில்லாமல்தான் இருக்கிறார்" என்று எண்ணிவிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அது பிடிவாதமன்று. பெரும்பாலோர்க்குப் பேச்சு மூளையின் இடப்பாதியைச் சார்ந்தது. பாட்டுக்கு வலப்பாதியும் பெரிதும் துணைநிற்கிறது. இதை அடிப்படையாகக் கொண்டு 1973-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு பயிற்சிமுறையை வெளியிட்டனர். சிறு சொற்றொடரைப் பாட்டுப்போல் ஏற்றியிறக்கிச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தட்டச் செய்வதே அம்முறை.

தட்டுவதற்கு மிருதங்கம் தேவையில்லை. எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் போதும். வீட்டுப் பொருள் இசைக்கருவியாவது நமக்குப் புதிதுமன்று. ஜலதரங்கம் என்பது பீங்கான் கிண்ணங்களும் நீருமே. நீர் கூடக்கூடச் சுருதி தாழும்; துளித்துளியாகச் சேர்த்தே சுரம் கூட்டுவர். சீதா துரைசாமி அக்கலையை மேடைகளில் நிலைநிறுத்தினார். மானாமதுரை மண்ணில் வனைந்த கடமும் பானையே. விக்கு விநாயகராம் கடம் வாசித்த 'பிளானட் டிரம்' என்னும் 1991-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. பிரான்சில் பியேர் ஷேஃபர் 1948-இல் இரயில் ஓசைகளைப் பதிவுசெய்து இசையாக்கியபோது உலகம் வியந்தது. நம் அடுக்களை அவ்வளவு வியந்திராது.

முதலில் பேச்சுப் பயிற்சியாளரிடம் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறர் பேச்சைப் புரிந்துகொண்டும் தாம் பேச இயலாதவர்க்கே இது பெரிதும் உதவும். எல்லார்க்கும் பலன் தராது. "தண்-ணீர் வேண்-டும்" என நான்கு தட்டுகளில் தொடங்கலாம். நீங்களும் உடன் சொல்லி, மெல்ல மெல்லக் குரலைக் குறையுங்கள். அவர் தடுமாறும்போது சொல்லை முடித்துக்கொடுத்துவிடாதீர்கள். காத்திருப்பதுதான் கடினம்.

இடையிடையே அவருக்குப் பழகிய பாட்டையும் பாடுங்கள். சிதம்பரம் கோயிலருகே வளர்ந்தவர்க்கு அது தேவாரமாக இருக்கலாம். கடலூர் முதுநகரில் வலையிழுத்தவர்க்கு அம்பாப் பாட்டாக இருக்கலாம். எங்கள் விருப்பமோ உங்கள் விருப்பமோ இங்கே பொருட்டன்று.

பார்க்கின்சன் நோயில் கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுபவர்க்கும் சீரான தாளம் அடியெடுத்து வைக்க உதவுவதுண்டு. ஆனால் விழும் அபாயம் உண்டு. ஒருவர் தட்ட, மற்றொருவர் அவரருகே நடக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். நோயாளியர் அறைகளில் இரவின் சராசரி இரைச்சல் 30 டெசிபலைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. ஆகவே டம்ளர் தாளம் வீட்டோடு இருக்கட்டும். வார்டில் மெத்தை விளிம்பில் விரலால் தட்டினால் போதும்.