தீபாவளியும் சேவல் குழம்பும்

இன்று ஈப்போவின் எந்தச் சந்தையிலும் எந்த நாளிலும் கோழி இறைச்சி வாங்கலாம். ஆனால், பேரா மாநில இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் பலருக்குக் கோழிக்குழம்பு ஒரு காலத்தில் பண்டிகை உணவாகவே இருந்தது.

1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் லயன் வீடுகளில் குடியேறினர். பால்மரம் சீவிக் கிடைத்த குறைந்த கூலியில் இறைச்சி வாங்குவது எளிதன்று. எனவே, பலர் வீட்டருகே கோழி வளர்த்தனர். முட்டையிடும் பெட்டைக்கோழியை அறுக்க மனம் வராது. ஆகவே, சேவலே தீபாவளிக்கென ஒதுக்கப்பட்டது.

மல்லி, மிளகு, சீரகம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வறுத்து அம்மியில் அரைப்பர். மேய்ந்து திரிந்து வளர்ந்த சேவலின் இறைச்சி கடினமானது. மெல்லிய தீயில் நெடுநேரம் வேகும்போதுதான் தசைகளைப் பிணைக்கும் இணைப்புத்திசு கரையும், இறைச்சி மென்மையாகும், குழம்பும் சுவை பெறும். ஒரு சேவல் பெரிய குடும்பத்திற்குப் போதாது. அதனால், உருளைக்கிழங்கு சேர்த்துக் குழம்பைப் பெருக்குவர். எண்ணெய்க் குளியலும் முன்னோர் படையலும் முடிந்த பிறகு, இட்லி தோசையோடு அனைவரும் பகிர்ந்துண்பர்.

விழாவுக்கெனப் பறவை சமைக்கும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. நடு அமெரிக்க நாடான எல் சல்வடோரில் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி சமைப்பர். எள், பூசணி விதை, காய்ந்த மிளகாய் முதலியவற்றை வறுத்து, தக்காளியோடு அரைத்த குழம்பை அதில் ஊற்றுவர். வறுத்து அரைக்கும் முறை நம் சமையலை நினைவூட்டுகிறது.

காலப்போக்கில் பல இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. ஏறக்குறைய ஆறு வாரங்களில் வளர்ந்துவிடும் பண்ணைக் கோழி மலிவாகக் கிடைக்கிறது. அரைத்த மசாலைக்குப் பதிலாகப் பொட்டலத் தூள் வந்துவிட்டது. கோழி எளிதில் கிடைப்பது நன்மையே. எனினும், தோட்டத்துக் குழம்பின் செய்முறையைப் பெரும்பாலோர் எழுதி வைக்கவில்லை. ஒரு கைப்பிடி மல்லி, ஒரு சிட்டிகை மஞ்சள் எனப் பாட்டியின் கையளவிலேயே அது வாழ்கிறது. அவர் சமைக்கும்போது அருகில் நின்று கேட்டறிந்து எழுதி வைத்தால், அச்சுவை அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கும்.